மராமத்துக் காசும் வெள்ளைக் கால்சட்டையும்

காசு கொடுக்காமல் தப்பித்துவிட்டோம் என்று மனசுக்குள் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அதைப் போல ஆபத்தான சிரிப்பு வேறு கிடையாது. கலியாணமான புதிதில், மாசியிலிருந்து வைகாசி வரை நான் அப்படிச் சிரித்தேன். ஆனி பிறந்ததும் வானம் சிரிக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஒரு ஃபாக்டரியே சிரித்தது.

எனக்குச் சொந்த ஊர் முதலமடை. இன்றைக்கு அங்கே திரும்பிய பக்கமெல்லாம் மாந்தோப்பு. ஐம்பதுகளில் கடலைக்காடும் பனைமரமும்தான். மழை எங்கள் ஊருக்கு வர வேண்டுமென்றால் மலையைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்குள் அதற்கு அலுத்துப்போகும். நாலு தூறல் போட்டுவிட்டு, வந்ததற்கு அடையாளமாக மண்வாசனையை மட்டும் விட்டுப் போய்விடும்.

என்னைக் கட்டிக்கொண்டவர் கொல்லங்கோட்டுக்காரர், பெயர் வேலுச்சாமி. வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தார். வேலை நிரந்தரமானால்தான் எஸ்டேட் குவார்ட்டர்ஸ். அதுவரை பஜாரில் வாடகை வீடு. கீழே கடைகள், மேலே தகரக் கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். கடைவீதியில் மலையாளம், மாடியில் திருநெல்வேலித் தமிழ். நான் வாயைத் திறந்து 'ஏனுங்க' என்றால் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சீமைக்கே குடிபோன மாதிரி இருந்தது எனக்கு.

எட்டு வீட்டுக்கும் பெரியவர் சண்முகத்தாய் அக்கா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே வேர்விட்டவர். நாங்கள் குடியேறிய மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"வாடக மொதலாளிக்கு. மராமத்துக் காசு நமக்கு நாமளே போட்டுக்கிடுதது," என்றார். "படிக்கட்டு லாந்தரு, தண்ணித் தொட்டி, தகரத்துக்குத் தாரு. அப்புறம் கணப்பு ரூம்பு. பாதிக் காசு அதுக்குத்தான் போவும்."

'கண்ணில் பார்க்காத சாமானுக்குக் காசு கொடுக்காதே' என்பது எங்கய்யன் எனக்குச் சீதனமாகக் கொடுத்த ஒரே அறிவுரை. (நகை அவ்வளவாகப் போடவில்லை.) ஆகவே கணப்பு அறையைக் காட்டச் சொன்னேன். கொல்லைப்புறத்தில் ஜன்னல் இல்லாத நீளமான தகர அறை. நடுவில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு. அதற்கு மேலே வீட்டுக்கு ஒன்றாக எட்டுக் கொடிக் கயிறு. மூலையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனையின் பிரசவத்துக்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

"இது எதுக்குங்க்கா?" என்றேன்.

"துணி காயப்போடுததுக்கு."

வெளியே மாசி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"துணி காயறதுக்குப் போயி யாராச்சும் நெருப்பு மூட்டுவாங்களாங்க்கா? எங்கூர்ல பிழிஞ்சு ஒதறிக் கொடியில போடறதுக்குள்ள பாதி காஞ்சிருமுங்க."

"இது ஒங்கூரு இல்ல பிள்ள. ஆனி பிறக்கட்டும்."

"பிறக்கட்டுமுங்க. லாந்தருக்கும் தொட்டிக்கும் தாருக்கும் குடுத்தர்றேன். கணப்பு எனக்கு வேண்டாமுங்க."

அக்கா என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் துணிச்சலாகப் போயிற்று. "சரி. எம்மக பிரசவத்துக்கு வந்துருக்கா. ஒங்கொடிய நான் எடுத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த மகள் சித்திரையில் இரட்டைப் பிள்ளை பெற்றாள்.

அன்று சாயந்திரம் விஷயத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் குடுக்கறப்ப நாம மட்டும் எதுக்கு அம்மிணி வேண்டாங்கறது?"

"நீங்க கணக்கு எழுதற ஆளு. தொடாத சாமானுக்குக் காசு குடுத்தா அது என்ன கணக்குங்க?" என்றேன். அவரிடம் பதில் இல்லை. (புது மாப்பிள்ளைகளிடம் பதில் இருக்காது. அதெல்லாம் இரண்டாவது வருஷத்தில்தான் வரும்.)

ஆனியில் மழை வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. குடிவந்தது. தகரத்தின்மேல் அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தது. முதல் நாள் வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் நாள் துவைத்தேன். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்தும் தொட்டுப் பார்த்தேன். பிழிந்து போட்டபோது இருந்ததைவிடத் துணி இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

விட்டேனா? பாயின் அடியில் துணியைப் பரப்பி மேலே படுத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை ஈர வேட்டியில் வைத்தேன். இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி வந்ததே தவிர வேட்டி காயவில்லை. கடைசியாக, "உடுத்திட்டுப் போங்க, ஒடம்புச் சூட்டுலயே காஞ்சிரும்," என்று அவரையே கொடியாக்கினேன். பாவம், அந்த மனுஷன் தும்மிக்கொண்டே போய்த் தும்மிக்கொண்டே வந்தார். அவருடைய பெல்ட்டில் பச்சைப் பூஞ்சணம் பூத்தது. குடையின் மடிப்பில் ஒரு காளான் முளைத்தது. கணப்பு அறையிலோ, என்னுடைய கொடியில், இரட்டைப் பிள்ளைகளின் இடுப்புத் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தன.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளிக்கிழமை காலையில் பெரிய துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசப்போகிறார் என்று செய்தி வந்தது. துரைக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், கூடவே குவார்ட்டர்ஸ். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொல்லங்கோட்டுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். துரை முன்னால் கோட்டு, டை, வெள்ளை முழுக்கால்சட்டையோடு நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். என் வீட்டுக்காரரிடம் இருந்தது கலியாணத்துக்குப் பாலக்காட்டில் தைத்த ஒரே ஒரு கால்சட்டை. இடுப்புப் பட்டியின் உள்பக்கம் நானே சிவப்பு நூலில் 'வே' என்று தைத்து, பக்கத்தில் பச்சை நூலில் ஒரு கிளியும் போட்டிருந்தேன். (புதுப்பெண் கை சும்மா இருக்குமா?)

பெட்டியைத் திறந்தால் கால்சட்டையில் அங்கங்கே கறுப்புப் புள்ளி. பதறிப்போய், திங்கட்கிழமை அதைத் துவைத்து, நல்ல கெட்டியாகக் கஞ்சியும் போட்டேன். வியாழக்கிழமை அது கஞ்சியில் ஊறிய கால்சட்டையாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் கேட்டிருந்தால் அடுத்த நிமிஷமே கொடியில் இடம் கொடுத்திருப்பார். கேட்க வாய் வர வேண்டுமே. ஆனி பிறக்கட்டும் என்று அவர் சொன்னதற்குப் பிறக்கட்டுமுங்க என்று எதிர்வாய் பேசிய வாய் அல்லவா அது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாப்பாட்டு நேரங்களில் என் வீட்டுக்காரர் ஃபாக்டரிப் பெருமை பேசுவார். மேல்மாடியில் பச்சை இலையைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி, ராத்திரி முழுக்க விசிறி வைத்துச் சூடான காற்றை ஓட விடுவார்களாம். விடிவதற்குள் இலையின் ஈரமெல்லாம் போய்விடுமாம். இலையின் ஈரம் போகும் இடத்தில் கால்சட்டையின் ஈரம் போகாதா? அதற்கு மராமத்துக் காசும் கிடையாது. எங்கய்யன் கேட்டால் பூரித்துப்போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சோத்துத் தூக்குப் போசியும் முந்தானைக்குள் ஈரக் கால்சட்டையுமாக ஃபாக்டரிக்குப் போனேன். அவரிடம், "காலையில நீங்க வேட்டியோட கோட்டப் போட்டுக்கிட்டுப் போயிருங்க. கால்சட்டையக் காய வெச்சு நான் கொண்டாந்து குடுக்கறேன்," என்றேன். எங்கே காய வைக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு இன்றுவரை வருத்தப்படுகிறார். வெளிப்படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறினேன். ஆள் நடமாட்டம் இல்லை. கடைசி வரிசையில் காலியாக இருந்த ஒரு தட்டில் கால்சட்டையை நீளமாகப் பரப்பி, சுருக்கம் நீவிவிட்டு இறங்கி வந்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்குத் தெரியாதது இரண்டு. ஒன்று, சாயந்திரம் இலை வந்ததும் காலித் தட்டு எல்லாவற்றிலும் பரப்பிவிடுவார்கள். மங்கின வெளிச்சத்தில் அடியில் என்ன கிடக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? இரண்டு, விடிந்ததும் வாடின இலையை மொத்தமாக வாரி ஒரு பெரிய குழாயில் தள்ளுவார்கள். அது நேரே கீழே, இலையை உருட்டிப் பிழியும் மிஷினுக்குள் போய் விழும்.

வெள்ளிக்கிழமை காலை நான் மாடிக்குப் போனபோது தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதே நேரம் கீழே மிஷின் 'ஙொய்' என்று ஒரு முனகல் முனகி நின்றது. உள்படிக்கட்டில் பாதி தூரம் இறங்கி எட்டிப் பார்த்தேன்.

துரை காலைச் சுற்று வந்திருந்தார். மிஷின்காரர் பித்தளைத் தொட்டிக்குள் கையை விட்டு இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. முறுக்கிப் பிழிந்து, வெற்றிலைச் சாறு நிறத்தில் ஒரு நீளமான வஸ்து. துரை அதைக் கைத்தடியால் தூக்கிப் பிடித்தார். இரண்டு கால்கள் அவிழ்ந்து தொங்கின. இடுப்புப் பட்டியில் 'வே'க்குப் பக்கத்தில் என் கிளி மட்டும் கொஞ்சமும் சாயம் போகாமல் எல்லாரையும் பார்த்தது.

"இது என்ன கிரேடு?" என்றார் துரை.

அந்த ஃபாக்டரியில் 'வே' என்று பெயர் தொடங்கும் ஆட்கள் இரண்டு பேர். கோட்டு, டை, அதற்குக் கீழே ஈர வேட்டி என்று நின்றவர் ஒருவர்தான்.

"வேலுச்சாமி, உன் கால்சட்டை எங்கே?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "தொரை கையில இருக்குதுங்க," என்றார்.

அதற்கு மேல் என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. அவர் வேலை என்னால் போய்விடக் கூடாது என்று அழுதுகொண்டே ஓடிவந்து நடுவில் நின்றேன். மராமத்துக் காசு, பூனைக்குட்டி, எங்கய்யன், இரட்டைப் பிள்ளை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். துரை பொறுமையாகக் கேட்டார். அவருடைய பங்களாவிலேயே துணி அலமாரிக்குப் பக்கத்தில் நெருப்புச் சட்டி வைப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"கணப்புக்குக் காசு கொடுக்கவில்லை?"

"இல்லீங்க."

"ஏன்? மழை தெரியாது?"

"முதலமடைங்க," என்றேன். அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துரை முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். சரி, முடிந்தது, இனி பஸ்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம்தான் அந்த ஆள் சிரிக்கிறார் என்று புரிந்தது. மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் உத்தரவு கிடைத்த மாதிரி ஆயிற்று.

"இந்த ஆளுக்கு இன்னைக்கே குவார்ட்டர்ஸ் கொடு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கணப்பு இருக்கிற குவார்ட்டர்ஸ். இல்லாவிட்டால் நாளைக்கு இந்த அம்மா மெத்தை கொண்டு வரும்."

வேலை நிரந்தரமானது இப்படித்தான். ஆனால் கால்சட்டையோடு உருண்ட இலையை எஸ்டேட் பெயரில் விற்க துரை சம்மதிக்கவில்லை. அதைத் தனியாகக் காய வைத்து, சாக்கில் கட்டி, எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அதன் விலையை அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் கொடுக்காமல் விட்ட மராமத்துக் காசை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. நான் காசு கொடுத்து விட்டுக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸுக்குப் போகுமுன் அந்தத் தேயிலையை எட்டு வீட்டுக்கும் பங்கு வைத்தேன். அன்று காலையே அக்கா என் கொடியிலிருந்த பிள்ளைத் துணிகளை ஒதுக்கி எனக்கு இடம் விட்டிருந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடி யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ள. கொஞ்சம் கஞ்சி வாடை அடிக்கி."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மகன் கோயம்புத்தூரில் அடுக்குமாடியில் தரைத்தளத்து வீடு வாங்கினான். முதல் மாதமே குடியிருப்போர் சங்கத்துக் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் குதித்தான். "நான் இருக்கறது கீழ. லிஃப்டுக்கு நான் எதுக்கும்மா மராமத்துக் காசு குடுக்கோணும்?" அப்படியே எங்கய்யன் குரல். அவன் அப்பா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் மட்டும் குலுங்கியது.

எழுந்து போய் என் பணத்திலிருந்தே லிஃப்டுக் காசைக் கட்டிவிட்டு வந்தேன். கால்சட்டைக் கதை தெரிந்த மருமகள் டீயோடு வாசலில் நின்றாள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கத்தே," என்றாள். "கஞ்சி பத்துதுங்களா?"