விறகு கீறாத கோடாலி

வீட்டுக்குள் கோடாலி வராதவரைதான் ஆண்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. கல்யாணமான மறுமாதமே நான் கண்டுபிடித்த உண்மை இது.

எங்கள் வீட்டில் காஸ் சமையலுக்கு மட்டும். குளிக்க வெந்நீர் என்றால் கொல்லையில் விறகடுப்புதான். அது என் மனைவி பொன்மணியின் சட்டம். தெருவில் மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டிப்போட்ட வேப்பங்கட்டைகளையும் ஆள் வைத்து இழுத்துவந்து கொல்லையில் குவித்திருந்தாள்.

"கீறித் தாங்களேன்" என்பாள்.

"கோடாலி இல்லையே" என்பேன்.

"பக்கத்து வீட்டுல இருக்கே."

"கோடாலி இரவல் வாங்குனா ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாதாம்ட்டி."

அந்தச் சாஸ்திரத்தை உண்டாக்கியது நான்தான். நன்றாகவே வேலை செய்தது.

அப்புறம்தான் கேபிள் டிவி வந்து என்னைக் கெடுத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் சின்னக் கோடாலி ஒன்றை வைத்துக்கொண்டு, பென்சில் சீவுகிற மாதிரி ஒரு கட்டையைச் சீவிச் சீவி மரக்கரண்டி ஆக்கினார். அந்தக் கோடாலியின் வெட்டுவாயை ஒரே ஒரு தடவைதான் கிட்டத்தில் காட்டினார்கள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. ஏன் அப்படி? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நானோ தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதுகிறவன். வாரம் பூராவும் குச்சியைப் பார்க்கிறவனுக்கு ஒருநாள் கட்டையைத் தொட்டுப்பார்க்க ஆசை வரக்கூடாதா?

கோடாலி வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. வாங்காவிட்டால் தூக்கம் போச்சு. யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்தேன். செதுக்க வேண்டும், ஆனால் கீறக்கூடாது. அப்படி ஒரு கோடாலி!

"ஏட்டி, கோடாலி வாங்கலாம்னு இருக்கேன்."

தோசைக்கரண்டி அந்தரத்தில் நின்றது. "விறகு கீறவா?"

"அகப்பை செதுக்க."

"கோடாலிய வச்சு அகப்பையா?"

"கலைட்டி!"

"அதுவுஞ் சரிதான். ஞாயித்துக்கிழமை வெட்டியாத்தான இருக்கீங்க. வெட்டுங்க."

கயத்தாறில் பூவனநாதன் ஆசாரியின் பட்டறைக்கு அவளும் கூடவே கிளம்பிவிட்டாள். பெரிய கோடாலிக்கு அடி போடப்போகிறாள் என்று எனக்கு உள்ளூர உதறல்.

ஆசாரி பெரிதாக ஒன்றை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, ஒரே போடு. கட்டை ரெண்டாப் பொளந்திரும்."

"பொளக்கக் கூடாது."

ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பொன்மணியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சின்னதா, வாய் கொஞ்சம் வளைஞ்சு, வாய்க்குப் பின்னால விரல் வச்சுப் பிடிக்க இடம் விட்டு வேணும்" என்றேன். "சாணை ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் தட்டை."

"அது எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் சரிவா இருந்தா ஆப்பு மாதிரி இறங்கிப் பொளந்துரும்லா? ஒரு பக்கம் தட்டையா இருந்தா மரத்தோட ஒட்டிப்போயிச் சீவும்."

சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. ஆனந்தமாக இருந்தது.

"ஒருதலைப்பட்சமான கோடாலி கேக்காவ" என்றாள் பொன்மணி. "எங்க வீட்டுல தீர்ப்பே அப்படித்தான். அடிச்சுக் குடுங்க."

"வலக்கைக்கா, இடக்கைக்கா? சாணை பக்கம் மாறுமே."

"இவிய சாப்பிடத்தான் கைய நீட்டுவாவ. வலக்கைக்கே போடுங்க."

"விறகுக்கு எடை காணாதே, அண்ணாச்சி" என்று ஆசாரி கடைசியாக ஒருமுறை இழுத்தார்.

"காணவே வேண்டாம்!"

பொன்மணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டாள். "அப்ப இதுல விறகே கீற முடியாதா?"

"முடியவே முடியாது."

"சீவ மட்டுந்தான் செய்யுமா?"

"சீவிக்கிட்டே இருக்கும்."

"சரி, சின்னதே இருக்கட்டும்."

ஒரு சண்டைகூட இல்லாமல் ஜெயித்தது கொஞ்சம் உறுத்தியது. ஜெயித்துப் பழக்கமில்லாததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிறு அகப்பைக்கு உட்கார்ந்தேன். ஆப்பு வந்தது. அடுத்த வாரம் மத்து மாதிரி ஒன்று வந்தது, தயிர்தான் அதைப் பார்த்துப் பயப்படும். வேறொருத்தி என்றால் சிரித்திருப்பாள். பொன்மணியோ காபியைக் கையில் கொடுத்து, "அடுத்ததுல வந்திரும். இன்னும் பெரிய கட்டையா எடுங்க, அப்பத்தான் கைக்கு அடங்கும்" என்றாள். தொடை பருமன் கட்டையை எடுத்து விரல் பருமனாக்கினேன். என்னைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிராய் கிடக்கும். ஒரு துண்டு விடாமல் அவளே கூட்டிச் சாக்கில் அள்ளிவிடுவாள். வீடு குப்பையாகிறதாம். எந்தக் கலைஞனுக்கு இப்படி ஒரு பெண்சாதி வாய்க்கும்? எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கடைசியில் ஒரு ஞாயிறு, வந்தேவிட்டது. உளியால் குழி தோண்டினேன். காம்பு நேராக நின்றது. தண்ணீர் மொண்டால் தண்ணீரும் நின்றது. என் கையாலா! கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"முடிச்சிட்டேன்ட்டி!"

"அதுக்குள்ளயா?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவே நல்லா இருக்குங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

அப்புறம் கொல்லைப்பக்கம் போய், வெந்நீர் அடுப்போரம் கிடந்த சாக்கை ஒரு கையால் தூக்கி உலுக்கிப் பார்த்தாள்.

"அடுத்த அகப்பைய இன்னைக்கே தொடங்கிருங்க. நாளைக்கு வெந்நீருக்குச் சிராய் காணாது."