ஊட்டு இட்லி சாரும் இரண்டு ஊசிகளும்

அந்த ஞாயிற்றுக்கிழமை, கிணத்துக்கடவு ஓட்டலில் ஒரே மேசையில் நான், என் அம்மா, ‘ஊட்டு இட்லி’ சார் மூவரும் இருந்தோம். ஓட்டல் முதலாளி இல்லை. இருந்திருந்தால் மூவரும் வாசலில் நின்றிருப்போம்.

ஓட்டலுக்கு வீட்டிலிருந்து இட்லி கொண்டுபோகிறவர் கோயமுத்தூரில், ஏன், உலகத்திலேயே எங்கள் சார் ஒருவர்தான். மருந்துச் சோதனை முடிவுகளைக் கணக்கிடும் எங்கள் ஆபீஸில் அவர் சீனியர். எந்த ஊர் ஓட்டல் இட்லி உசத்தி என்பதுதான் அவர் ஆராய்ச்சி. பெரியநாயக்கன்பாளையத்து இட்லியையும் கிணத்துக்கடவு இட்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்ன முடியாது. கொண்டுபோவதற்குள் ஒன்று ஆறிவிடும். அதனால் இரண்டு ஊருக்கும் டப்பாவில் வீட்டு இட்லி, அவர் பாஷையில் ‘ஊட்டு இட்லி’, போகும்.

“ஊட்டு இட்லியக் காட்டியும் இது எவ்வளவு ஒசத்தி, அது எவ்வளவு ஒசத்தின்னு பாத்துப்போட்டா, ரெண்டுல எது ஒசத்தின்னு தெரிஞ்சுபோகுமில்ல தம்பி?”

ஒரு கல்யாணப் பந்தியிலும் டப்பாவைத் திறந்து, பெண் வீட்டார் கண்ணில் பட்டு, மொய் வைத்தும் பட்டினியாகத் திரும்பியவர்.

அம்மாவுக்கு முடக்குவாதம். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிய விரல்கள், பல வருஷமாக ஒரு டப்பா மூடியைக்கூடத் திருக முடியாமல் கிடந்தன. டாக்டர் இரண்டு ஊசிகளின் பேரைச் சொல்லி, யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். இரண்டையும் நேருக்கு நேர் யாரும் சோதித்ததில்லை. தனித்தனியாக, மருந்தில்லாத வெறும் ஊசியோடுதான் சோதித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், விடுவேனா? இரண்டு அறிக்கையையும் படித்து, அதிகம் பேருக்கு வலி குறைந்தது முதல் ஊசியில்தான், அதையே போடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். சாரும் ஒரு பார்வை பார்க்கட்டும் என்றுதான், அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, அவர் இட்லி ஆராய்ச்சிக்குப் போன பஸ்ஸில் அம்மாவோடு ஏறினேன்.

பஸ் வழியில் மக்கர் பண்ணி, போய்ச் சேரவே பதினொரு மணி. சார் டப்பாவைத் திறந்து அம்மாவுக்கும் ஒன்று வைத்தார்.

“ஏனுங்க சார், உங்க ஆறிப்போன இட்லியே அமிர்தமா இருக்குதுங்களே!”

“நெசமாவா அம்மணி? எங்க ஊட்டுல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லீங்க.”

“பசிங்க சார். இந்தப் பசிக்கு டப்பா மூடியக் குடுத்தாலும் இனிக்கும். பெரியநாயக்கன்பாளையத்துக்கும் பசியோடதான் போனீங்களா?”

சாரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “பொங்கல் சாப்புட்டுப்போட்டுப் போனேன்... அம்மணி, என்ற அஞ்சு வருஷ ஆராய்ச்சியக் கவுத்துப்போட்டீங்களே!”

சட்டென்று என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொன்ன ஊசி இருக்குதே, அந்தச் சோதனையில வெறும் ஊசி போட்டவங்களுக்கு எப்படி?”

அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். “அவங்களுக்கும் நல்லாவே வலி கொறஞ்சிருக்குதுங்க சார்.”

அதில் சேர்ந்ததெல்லாம் வலி புதிதாக வந்தவர்கள். இரண்டாவது ஊசிக்காரர்களோ அம்மாவைப் போல வருஷக்கணக்காக அவதிப்பட்டு, பல மருந்தும் பலிக்காதவர்கள். வெறும் ஊசிக்கு அவர்கள் விரல் மசியவில்லை. மருந்துக்கும் வெறும் ஊசிக்கும் இடைவெளி அங்கேதான் பெரிது.

“அப்ப ரெண்டாவதுங்களா சார்?”

“அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. பசிச்சவன் தின்னதும் பசிக்காதவன் தின்னதும் ஒண்ணாகுமா? அம்மா எந்தப் பந்தின்னு டாக்டர்கிட்டயே கேளு.”

கேட்டேன். டாக்டர் இரண்டாவதை எழுதினார்.

நாலு மாதம் கழித்து அம்மா சாருக்கென்று நான்கு இட்லி வைத்து, ஒரு டப்பாவைத் தன் கையாலேயே இறுக்கி மூடிக் கொடுத்துவிட்டார். ஒப்பிடும் இட்லியை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது என்று சண்டை போடுகிற சார், மூடியைத் திருகிப் பார்த்தார். திறக்க வரவில்லை. மறுபடி திருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே இதுதான் தம்பி ஊட்டு இட்லி” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவில் எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, ஊட்டு இட்லிக்கு சப்ளையர் போட்ட தட்டு வாடகையையும் சேர்த்து, நூற்று முப்பது ரூபாய்.