ஐஸ் பெட்டியும் சங்கண்ணன் மூச்சும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சங்கண்ணன் ஊதாமல் எந்தத் தமிழனும் நிம்மதியாகச் செத்ததில்லை. ரயில்வேயில் கரி அள்ளுவது அவருக்குப் பிழைப்பு. சாவு வீட்டில் சங்கு ஊதுவதுதான் பெருமை. அவர் இங்கே ஊதினால், அந்தக் கோடியில் இருக்கும் செந்தூல் ரயில் பட்டறையில் சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்துப் பாதிப் பேர் தூக்குச்சட்டியைத் திறந்துவிடுவார்களாம். ஏண்ணே இப்படி உயிரை விட்டு ஊதுறீங்க என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்தவனுக்குக் காது கேக்கணும்ல பாப்பா? இல்லேன்னா எப்படிக் கிளம்புவான்?" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் அவரைக் கண்டால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். அவருக்கும் அது தெரியும். கல்யாண வீடு இருக்கிற தெருப்பக்கமே வரமாட்டார்.

அப்படிப்பட்டவரை என் கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே கூட்டிவர வேண்டியதாயிற்று. எல்லாம் ஐஸ் பெட்டியால் வந்த வினை.

அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்கிவந்து கூடத்தில் சாமி மாதிரி வைத்திருந்தார். மேல்தட்டில் ஐஸ் கட்டி. அது உருகும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி அடியில் இருக்கும் கிண்ணத்தில் விழும். நடுத்தட்டில், கிள்ளானிலிருந்து ரயிலில் வந்த என் கல்யாண மாலைகள். அந்த முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம், வேறு பூ கிடைக்காது. மத்தியானம் கதவைத் திறந்தால் உள்ளே மழை! குழாய் அடைத்து, மேல்தட்டு நிரம்பி, மாலைக்கு ஓரமாகச் சொட்டுகிறது. வெளியே எடுத்தால் வெக்கையில் வாடும், உள்ளே விட்டால் ஊறி அழுகும்.

அப்பா குடைக்கம்பியை விட்டுக் குத்தினார். கம்பி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மாமாக்கள் கன்னம் வீங்க ஊதிப் பார்த்தார்கள், அசையவில்லை. நாதஸ்வரக்காரரோ, என் உதடு நாளைக்கு வேணும் என்று வெற்றிலைத் தட்டோடு நகர்ந்துவிட்டார்.

சங்கண்ணனைக் கூப்பிடுங்கள் என்றேன். அத்தை நெஞ்சில் கை வைத்தாள்.

"கல்யாண வீட்டுக்குள்ள சங்கா?"

"சங்கை அவர் வீட்டுல வச்சிட்டு, மூச்சை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க அத்தை."

வந்தார், பின்வாசல் வழியாக, தலையைக் குனிந்தபடி. பெட்டியைப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி அதட்டினார். ஆபீசையே அதட்டுகிற அப்பாவும் தள்ளி நின்றார். அத்தை மட்டும், இவன் என்னதான் பண்ணுகிறான் பார்ப்போம் என்று பெட்டியின் மேல்மூடியைத் திறந்து மேல்தட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கண்ணன் தரையில் மல்லாந்து படுத்து, குழாயின் அடிவாயில் வாயை வைத்தார். மார்பு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கூடத்தில் எங்களுக்கு மூச்சுவிடக் காற்று மிச்சமில்லை. பிறகு ஊதினார். ஒடிந்த கம்பி கூரையில் போய் டங்கென்று அடித்தது. பின்னாலேயே ஒரு பிடி மரத்தூள் பீறிட்டு அத்தையின் முகத்தில் அப்பியது. மரத்தூளில் புதைந்து வருகிற ஐஸ் கட்டியைக் கழுவாமலே உள்ளே வைத்தது அவள்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கடகடவென்று இறங்கிச் சங்கண்ணன் முகத்தில் கொட்டியது. மாலைகள் பிழைத்தன.

துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தவரை, நாளைக்குக் கட்டாயம் வரணும் என்று கூப்பிட்டேன்.

"நான் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்ல பாப்பா. உனக்கு எதுக்கு வம்பு? நல்லா இரு." போய்விட்டார்.

மறுநாள் மணையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி ஏறியது, அவர் வரவில்லை. பந்தி போடும் நேரத்தில் அத்தையைக் காணோம் என்று தேடினார்கள். பார்த்தால், சங்கண்ணனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவருகிறாள். முதல் பந்தியில் உட்காரவைத்து, தானே இலை போட்டுத் தண்ணீர் தெளித்துப் பரிமாறினாள்.

"சாப்பிடுங்கண்ணே," என்றாள்.

அவர் சோற்றில் கை வைக்காமல் வெகுநேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறும்போதுகூடக் கண் கலங்காத கல்நெஞ்சுக்காரி நான், அப்போதுதான் அழுதேன்.