மூன்றரைக்குப் போன பள்ளிக்கூடம்

நல்ல எண்ணத்தோடு கிளம்பும் ஆட்களிடமிருந்து பள்ளிக்கூடங்களைக் காப்பாற்ற இந்த நாட்டில் சட்டம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் 2009-இல் என்னைக் குளச்சலுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். (நடத்தினேன் என்பது என் தரப்பு. மாணவர்கள் தரப்பு வேறு.) வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய சிலர் அறக்கட்டளை ஒன்று வைத்து, மாவட்டத்து ஊர்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரோடும் ஐந்து வருஷ ஒப்பந்தம். அதுவரை யாரை வேலைக்கு வைப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் இஷ்டம். காலம் முடிந்ததும் வெளியாள் ஒருவர் போய்த் தரம் பார்ப்பார். பத்துக்கு ஐந்து வாங்காத பள்ளியை மூடி, பிள்ளைகளைத் தக்கலைப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள்.

அந்த வெளியாள் நான்.

என் தகுதி, திருவனந்தபுரத்தில் கல்வித் தரம் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கு. முதல் நாள் மத்தியானம் தூங்கிவிட்டேன். இரண்டாம் நாள் சாப்பாட்டில் அடைப்பிரதமன் பாயசம் பிரமாதம். இடையில் ஒரு கருத்து மட்டும் காதில் விழுந்திருந்தது: பள்ளியைப் பயன்படுத்துகிறவர்கள்தான் பள்ளிக்கு மதிப்பெண் போட வேண்டும். இந்த உண்மை தெரிந்த ஒரே மனிதன் என்ற கனத்தோடு இரணியலில் ரயிலைவிட்டு இறங்கினேன்.

அறக்கட்டளைத் தலைவர் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களின் தரம் பார்த்து ஓய்வுபெற்றவர். மொத்த மதிப்பெண்ணில் பாதி பெற்றோர் கையில் என்று நான் சொன்னதும் முகம் சுளித்தார்.

"குழாய்ல கசிவு உண்டான்னு குழாய்கிட்டயா வே கேப்பாங்க?"

"சார், மக்கள்தான் எஜமானர்கள்" என்றேன். அவர் அதைக் குறித்துவைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

குளச்சல் பள்ளி கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஓட்டுக் கட்டடம். தலைமையாசிரியை பிளாரன்ஸ் டீச்சர். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் பெண்பிள்ளைகளை வீடு வீடாகப் போய், தாயிடம் சண்டை போட்டு, கையைப் பிடித்து இழுத்து வருகிறவர். தேர்வு முடிவு, கட்டடம், ஆசிரியர் வருகை என்று என் கையிலிருந்த பாதிக்கு நான் போட்டது பத்துக்கு ஆறு. பெற்றோர்கள் நாலு போட்டால் போதும், பள்ளி பிழைத்துவிடும். நாலு யார்தான் போடமாட்டார்கள்?

பெற்றோர் கூட்டம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்தேன். வாடகைக்கு நாற்காலி எடுத்துப் போட்டாயிற்று. வந்தவர் நாற்காலிக் கடைக்காரர் ஒருவர்தான். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"பெத்தவங்களுக்கு அக்கறையே இல்லையே டீச்சர்!"

"சாறே, வள்ளம் கரைக்கு வாற நேரம். எல்லாரும் ஏலத்துல நிக்கா. சாயங்காலம் வாருங்கோ, வீடு வீடாக் கூட்டிட்டுப் போறேன்."

சாயங்காலம் எனக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. "மக்கள் வராவிட்டால் மக்களிடம் நாம் போவோம்" என்று முழங்கிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். வெள்ளைச் சட்டை, டை, பளபளக்கும் ஷூ. மணலில் பத்தடி போவதற்குள் ஷூவில் குளச்சல் பாதி ஏறிவிட்டது.

கரையில் சாளை மீனும் அயிலை மீனும் குவியல் குவியலாகக் கிடந்தன. சுற்றிலும் கூடைகளோடு பெண்கள். நடுவில் ஏலம் கூறும் சூசை. பாதிக்கு மேல் நம் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமார் என்று கூடவே வந்த டீச்சர் சொன்னார். நான் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று, பள்ளியின் தரத்துக்குப் பத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒருத்தியும் மீன் குவியலிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அலை மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனது.

சூசைக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "சாறே, நீங்க கேட்டா வராது. நான் கேட்டுத் தாறேன்."

"வேண்டாம் சாறே!" டீச்சர் என் கையைப் பிடித்தார். "ஏலத்துல வச்சுக் கேக்காதீங்கோ. இவளுவ இங்க வந்தா..."

"டீச்சர், நீங்க குறுக்கிட்டா பாரபட்சம் ஆயிடும்" என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

சூசை தொண்டையைச் செருமினார். "கேளுங்கோ, கேளுங்கோ! பிளாரன்ஸ் டீச்சருக்க பள்ளிக்கூடம்! பத்துக்கு எவ்வளவு?"

"ஒண்ணு" என்றாள் ரோசம்மா. அவள் மகள் அங்கே எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணா? ஏட்டி, நெத்திலிக்குக்கூட இதைவிடக் கூடக் கேப்பியே!"

"ஓடு ஒழுகுது வே. மழை பெஞ்சா பிள்ளைய வெள்ளத்துலல்லா இருக்குதுவ."

"ஒண்ணரை. கக்கூஸுக்குக் கதவு இல்ல" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டு. கணக்குச் சாறு பாதி நாளும் லீவு."

நான் ஐஸ் பெட்டி மேல் நின்று பரவசத்தோடு எழுதிக்கொண்டிருந்தேன். என்ன ஒளிவுமறைவற்ற மக்கள்! எந்தக் கருத்தரங்கிலும் இப்படிப் பேச யாருக்குத் துணிச்சல் உண்டு?

"பிள்ளையளத் தேடி வீட்டுக்கு வாற டீச்சர் வேற எங்க உண்டு? மனசாட்சியோட கேளுங்கோ மக்கா!"

"ரெண்டரை."

"மூணு."

"மூணேகால்."

"மூணரை" என்றாள் ரோசம்மா, கூடையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு.

இன்னும் அரைதான். நான் ஐஸ் பெட்டியின் நுனிக்கே வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து இன்னொரு வள்ளம் கரை தட்டியது. அத்தனை தலைகளும் அங்கே திரும்பின. வள்ளத்தில் வாளை மீன் மின்னியது.

"மூணரை, ஒரு தரம்! ரெண்டு தரம்!" சூசையின் ஒரு கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டது. "மூணு தரம்!"

ஒரு நொடியில் கரை காலி. பள்ளிக்கூடம் மூன்றரைக்குப் போய்விட்டது.

நான் இறங்கிய ஐஸ் பெட்டியில் டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சாறே, அது மார்க்கு இல்ல."

"தோல்வியை ஏத்துக்கப் பழகணும் டீச்சர்" என்றேன். (இதை நினைக்கும்போதெல்லாம், வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும், முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறேன்.) பள்ளியைக் காப்பாற்ற அரை மதிப்பெண் கூட்டி எழுதும் ஈனப் புத்தி எனக்கு வரவில்லை. வந்திருக்கலாம். வேறு எதற்கெல்லாமோ வந்திருக்கிறது.

பள்ளி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தபின் ஒருநாள் ரோசம்மா கல்லூரிக்கே வந்துவிட்டாள், கூட நாலைந்து பெண்களோடு. சந்தையில் விலை எப்படித் தீர்மானமாகிறது என்று நான் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மீன் வாசம் வந்து நின்றது.

"நீரா வே எங்க பள்ளிக்கூடத்த மூடினது?"

"மார்க்குப் போட்டது நீங்கதானேம்மா? மூணரைன்னு..."

"மார்க்கா? வெலல்லா கேட்டோம்! எடுத்த எடுப்புல எவளாவது பத்து கேப்பாளா? ரெண்டு குத்தம் சொல்லி, கொறச்சுக் கேட்டுத்தான் ஏத்துவோம். வேண்டாம்னா வாயத் தொறப்போமா? வேண்டாத மீனுக்கு யாரு வே வெல கேப்பா?"

நான் கரும்பலகையைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தில் 'தேவை' என்று எழுதியிருந்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் கைதட்ட ஆரம்பித்தான், பிறகு வகுப்பே தட்டியது. என் பணிக்காலத்தில் என் வகுப்பில் கேட்ட ஒரே கைதட்டல் அது.

அன்றைக்கே தலைவரிடம் ஓடினேன். இன்னொரு தடவை கேட்போம் சார் என்று கெஞ்சினேன்.

"இப்ப கேட்டா எல்லாவளும் பத்துதான் சொல்லுவா. பயந்து சொல்லுததுக்கு என்ன வே மதிப்பு? முதல்ல சொன்னதுதான் சுத்தம். மக்கள்தான் எஜமானர்கள்." குறித்துவைத்த தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பின்ன, உம்ம அறிக்கை கொள்ளாம் கேட்டீரா. குவைத்துல இருந்து பணம் அனுப்புதவங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

தரத்துக்காக மூடப்பட்ட அந்தக் கட்டடத்தில் இப்போது வலை வைத்திருக்கிறார்கள். ஓடு இன்னும் ஒழுகுகிறது. வலைக்கு அதனால் கஷ்டம் இல்லை. ஆண்பிள்ளைகள் தக்கலைக்குப் பஸ் ஏறினார்கள். பெண்பிள்ளைகள் பலர் ஏறவில்லை. ரோசம்மாவின் மகளுக்குத் தாயின் கூடையைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு கூடை கிடைத்தது. பிளாரன்ஸ் டீச்சர் தக்கலையில் வேறொருவருக்குக் கீழே வேலை பார்த்தார். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் "சாறே, சுகம்தானா?" என்று கேட்டு, நகர்ந்து இடமும் தருவார். திட்டியிருக்கலாம்.

ஆறுதலுக்காக இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அது என் இரண்டாவது தவறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்தாளி வந்து சாப்பாடு முடிந்தால் நான் ஏலத்துக்கு வருவேன். "அப்பாவுக்குப் பத்துக்கு எவ்வளவு?" என்று மகள் ஆரம்பிப்பாள்.

"ஒண்ணு. குறட்டை உண்டு."

"ஒண்ணரை. காதும் மந்தம்."

"ரெண்டு. ஆனா கூடவே அறிவுரையும் சேத்து எடுக்கணும்."

புதிதாக வந்த மாப்பிள்ளை, விவரம் தெரியாமல், மரியாதையாக "பத்து!" என்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். பாவம், ஒரு குத்தமும் சொல்லாமல் எடுத்த எடுப்பிலேயே பத்து கேட்டதால், அவருக்கு நான் வேண்டவே வேண்டாம் என்பது சபையில் வெளிப்பட்டுவிட்டது.

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன், மூன்றுவரைக்கும். மூன்றரை வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோகும். மகள் "ஒரு தரம்" என்பாள். "ரெண்டு தரம்" என்பாள். மூன்றாவது தரம் சொல்ல விட்டதே இல்லை, அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்துவிடும்:

"நாலு."