புகை விடாத வாகனம்

உலகத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். எனக்கு நான்கு மாதமாக வலிக்கிறது. குனிந்தால் நிமிர முடிவதில்லை. நிமிர்ந்தால் குனிய முடிவதில்லை. அந்த அளவுக்காவது பூமியின் சூடு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தப் பெருமையை எனக்குத் தேடித் தந்தவர்கள் வணிக மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர். ஒருவர் 'பசுமை விநியோகச் சங்கிலி'யில் புலி. மற்றவர் 'செயல்பாட்டு மேலாண்மை'யில். நான் பெட்டி இறக்கும் குடோனுக்குத் தலைக்கவசம் அணிந்து வந்து மூன்று நாள் நின்றார்கள். ஒரு பெட்டியைக்கூடத் தொட்டு ஆய்வின் நடுநிலையைக் கெடுக்கவில்லை.

நான்காம் நாள் உண்மை புலப்பட்டது. லாரியிலிருந்து ரேக் வரை எண்பது அடி. அதுவரை பெட்டிகளைக் கொண்டுபோகும் பேட்டரி வண்டிக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு எங்கோ நிலக்கரி எரிய வேண்டும். ஆகவே வண்டி புகை விடுகிறது. நான் விடுவதில்லை.

"இந்த குடோன்லயே சுத்தமான வாகனம் நீங்கதான்" என்றார் சங்கிலிப் பேராசிரியர். அதுவரை என்னை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை.

"நான் சிகரெட் பிடிப்பேனே சார்."

"அது ஆய்வு எல்லைக்கு வெளியே வருது."

'ஆய்வு எல்லை' ஓர் அருமையான ஏற்பாடு. காகிதத்தில் ஒரு கட்டம் போடுவார்கள். உள்ளே இருப்பது மட்டும்தான் கணக்கு. லாரியை நோக்கிக் கை நீட்டும்போது நான் கட்டத்துக்குள் நுழைகிறேன். பெட்டியை ரேக்கில் வைத்ததும் வெளியே வந்துவிடுகிறேன். நான் சாப்பிடுவது, மூச்சு வாங்குவது, முனகுவது எல்லாம் வெளியே நடப்பவை.

"பெட்டி முப்பது கிலோ சார். ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி. இடுப்பு என்னாகும்?"

செயல்பாட்டுப் பேராசிரியர் கட்டத்தை உற்றுப் பார்த்தார். "இடுப்பு இதுல இல்லையே" என்றார், உண்மையான வருத்தத்துடன்.

மூன்று மாதச் சோதனை என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தில் சூப்பர்வைசர் ஒரு செடித் தொட்டியை வைத்தார். தொட்டியைத் தூக்கி வைத்தது நான்.

என் மனைவிக்கு அறிவியல் ஆர்வம் குறைவு. தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "வாகனத்துக்கு ஆயில் தினமும் போடணுமா, வாரத்துக்கு ஒரு தடவை போதுமா?"

"கிண்டல் பண்ணாத. வாகனம்னா தகுதிச் சான்றிதழ் வேணும்னு புரொபசருங்க எழுதிக் குடுத்திருக்காங்க. திங்கக்கிழமை டாக்டர் வர்றாரு. குனிய முடியலன்னா வேலை கிடையாதாம்."

தேய்த்த கை நின்றது. "மூணு மாசம்னு சொல்லி வண்டியைக் கொண்டுபோனாங்க, இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. நாளைக்கே போயி வண்டியைக் கேளுங்க. வெட்கப்பட்டுக்கிட்டு வாசல்லயே நிக்காதீங்க."

போனேன். கல்லூரியில் தரை வழுக்கியது. துறை வாசலில் ஆளுயரத்துக்கு என் புகைப்படம்: சட்டை நனைந்த முதுகு, மேலே பெட்டி. முகம் கட்டத்துக்குள் வரவில்லை.

அப்போது வராந்தாவில் ஒரு சத்தம். பழக்கமான சத்தம். எங்கள் பேட்டரி வண்டி பத்துப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒய்யாரமாக வந்தது. பின்னால் பேராசிரியர்கள் இருவரும்.

"சார், இது எங்க வண்டி."

"ஆமாமா. ரொம்ப நல்ல வண்டி" என்றார் செயல்பாட்டுப் பேராசிரியர். "அறிக்கை ஐநூறு பிரதி அச்சாகி வந்திருக்கு. கையால தூக்கினா யாருக்காவது இடுப்பு பிடிச்சுக்கும்."

"புகை விடுமே சார்?"

"குடோன்ல விடும். கல்லூரி ஆய்வு எல்லைக்கு வெளியே."

சங்கிலிப் பேராசிரியர் அன்போடு ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுத் தந்தார். அறுபத்தோராம் பக்கத்தில் அழகான எழுத்தில் இருந்தது: 'சோதனை முடிந்ததும் வண்டி குடோனுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. தொழிலாளி அதை ஏற்க மறுத்துவிட்டார்.'

"நான் எப்ப சார் மறுத்தேன்?"

"பொதுவா மறுப்பாங்க" என்றார். "இந்தத் துறையில அப்படித்தான் எழுதுறது."

படித்தவர்கள் அச்சிலேயே எழுதிய பிறகு, சந்தேகப்பட நான் யார்? ஆனால் திங்கட்கிழமை டாக்டர் முன்னால் குனியப் போகிறவன் நான்தான். அதனால் அறுபத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி, பிரதியை அவர்கள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்: 'நீங்கள் எனக்குத் தர வேண்டிய பாக்கி, ஒரு பேட்டரி வண்டி, ஓர் இடுப்பு.'