புதினாத் தொட்டியிலிருந்து வாள் வரை

படர்வார் என்று ஓர் இனம் உண்டு. பூசணிக்கொடிக்குச் சித்தப்பா மகன் முறை. பார்த்தவுடன் தெரியாது, இஸ்திரி போட்ட சட்டையில் வருவார், கைகொடுப்பார், உங்கள் வீட்டாரின் உடல்நலத்தை ஒவ்வொருவராக விசாரிப்பார், உங்கள் பெரியப்பாவின் முழங்காலுக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் மேசையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு உட்கார்ந்திருக்கும். எப்போது வந்தது? அதுதான் கலை.

ஜோர்டான் தலைநகர் அம்மானில், லுவெய்ப்தே மேட்டில், ஒரு மாடி முழுக்க மேசை போட்டு மாத வாடகைக்கு விடுகிறாள் மைசூன். ஆளுக்கொரு மேசை, எல்லாருக்கும் ஒரே இணையம், எல்லாமே ஆஸ்பத்திரி வெள்ளை. ஒருநாள் அவளுக்கு மனசு இளகி, சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள்: ‘உங்கள் இடத்தை உங்கள் விருப்பம்போல் அலங்கரித்துக்கொள்ளலாம்.’ எத்தனை அடி வரைக்கும் என்று எழுத மறந்துவிட்டாள், பாவம்.

மறுநாளே காப்பீட்டு முகவர் அபூ சுஹைல் ஒரு புதினாத் தொட்டியோடு வந்தார். வெறும் தொட்டிதான். தொட்டி நிற்க முக்காலி வேண்டாமா? முக்காலி தரையைக் கீறாமல் இருக்கச் சிவப்புக் கம்பளம், கம்பளம் சும்மா கிடக்கக் கூடாதே என்று நாலு திண்டு, திண்டைக் கண்டால் ஆள் வருமே என்று பித்தளைக் காபிக் கூஜா, வருகிற ஆளுக்கு இது யார் இடம் என்று தெரிய வேண்டுமே என்று மீசை முறுக்கிய அப்பாவின் படம், படத்துக்கு மேலே குறுக்காக ஒரு வாள். காப்பீட்டு முகவருக்கு வாள் எதற்கு? கேட்டுப் பாருங்கள், காபி கொடுத்துவிடுவார்.

ஒவ்வொரு சாமானும் உள்ளே வரும்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்று: “சும்மா ரெண்டு நாளைக்குத்தான்!”

பக்கத்து மேசை ஹனீனுடையது. மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்குப் படம் வரைகிறாள். இந்த வேலைக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள். ஞாயிறு காலைக்குள் பன்னிரண்டு படம் கொடுத்தாக வேண்டும். தவறினால் நாலாம் வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். அவளிடம் மிச்சமிருந்த மேசையில் ஓர் ஆடு வரைய இடமிருந்தது. அது மேய நிலத்துக்கு இடமில்லை.

“மாமா, உங்க திண்டு என் மேசை மேல ஏறிடுச்சு.”

“ஏறட்டுமே மகளே! நமக்குள்ள என்ன உன்னுது என்னுது?”

“என்னுது எங்க மாமா இருக்கு? எல்லாம் உங்களுதுதான்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். காபி கொடுத்தார்.

ஹனீன் மைசூனிடம் போனாள். “நானும் மூணு தடவை கண்டிச்சுச் சொல்லணும்னுதான் போனேன்டி,” என்றாள் மைசூன். “மூணு தடவையும் காபி குடிச்சிட்டு வந்துட்டேன். அந்த ஏலக்காய் வாசனைக்கு வாயே திறக்க மாட்டேங்குது.”

ஹனீனுக்கு அங்கேதான் பொறி தட்டியது. குடித்தால்தானே?

வியாழன் மதியம் அபூ சுஹைலின் கம்பளத்தில் மூன்று பெரியவர்கள் சாய்ந்திருந்தார்கள். “வாம்மா, ஒரு வாய் குடி,” என்றார் அவர். ஹனீன் போய் உட்கார்ந்தாள். கோப்பையை வாங்கினாள். குடிக்காமல், தனக்கு முன்னால் கம்பளத்தின் மேல் வைத்தாள்.

சாய்ந்திருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, வீட்டுக்காரர் சரி என்னும்வரை குடிக்க மாட்டார், அப்படியே ஆறிப்போனால் வீட்டுக்காரர் மானம் போயிற்று: இது அங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். பெண் கேட்கவும் கொலைப்பகை தீர்க்கவும் பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்கள் முன்னால் வைக்கும் கோப்பை அது. விரலெல்லாம் வண்ணக்கறையோடு ஒரு சின்னப்பெண் வைத்து யாரும் பார்த்ததில்லை. அபூ சுஹைல் முன்னால் எவரும் வைத்ததே இல்லை.

அவர் கண் கலங்கிவிட்டது. தோள் விரிந்தது. சுவரில் இருந்த அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“குடி மகளே! நீ கேட்டது நடந்தாச்சு!”

“என் மேசை வேணும் மாமா. முழுசா. இன்னிக்கே.”

ஒரு பெரியவருக்குப் புரையேறியது. இன்னொருவர் தாடியைத் தடவிக்கொண்டே, “வாக்குக் குடுத்தாச்சு அபூ சுஹைல். தூக்குங்க திண்டை,” என்றார்.

“இவ்வளவுதானா?” அபூ சுஹைலின் குரல் இறங்கிவிட்டது. “நீ பெருசா ஏதோ கேப்பேன்னு நெனச்சேன்மா.”

ஹனீன் காபியைக் குடித்தாள். ஆறவில்லை. அவரே திண்டுகளைத் தூக்கினார், கம்பளத்தைத் தன் மேசைவரைக்கும் சுருட்டினார். வாளைத் தொடவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிறு காலை பன்னிரண்டு படமும் போய்ச் சேர்ந்தன. ‘விருந்தோம்பல்’ பாடத்துக்கான படத்தில், சிவப்புக் கம்பளத்தில் அமர்ந்து ஊருக்கே காபி ஊற்றும் அந்த அகன்ற தோள்காரரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்.

நாலாம் வகுப்பும் அவளுக்கே கிடைத்தது. படம் கூடியது, தூரிகைகளுக்கு ஒரு ஜாடி வந்தது. ஜாடிக்கு ஒரு தட்டு. ஈரப்படங்கள் காய ஒரு கொடிக்கயிறு. கயிற்றின் மறுமுனையை எங்காவது கட்ட வேண்டுமே? அபூ சுஹைலின் வாள் வாகாக இருந்தது.

“சும்மா ரெண்டு நாளைக்குத்தான் மாமா,” என்றாள்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்கள் அலுவலகத்தில், பக்கத்து நாற்காலியின் முதுகில், போன மழைக்காலத்திலிருந்து ஒரு குடை தொங்குகிறதே, அது யாருடையது?