சட்டைப்பையில் ஒரு ஜிம்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று நழுவக் கூடாது. என் தம்பி இருந்தான். அவன் மனைவி இருந்தாள். பள்ளியில் கணக்குச் சொல்லித் தரும் என் மருமகள் இருந்தாள். மாடி வீட்டு வக்கீல், வங்கி மேலாளர், பல் டாக்டர் ஆகிய படித்த பெருமக்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நானும் இருந்தேன், ஆனால் உட்காரவில்லை. நடுவில், உடம்போடு ஒட்டிய சிவப்புப் பனியனில் மாஸ்டர் இருந்தார். பின்னால் தெருவே இருந்தது.

மாஸ்டர் எங்கள் தெரு முனையில் ஜிம் திறந்தவர். மற்ற ஜிம்களில் உடம்பை வளைத்தால்தான் பலம் வரும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அட்டையிலிருந்து கிளம்பும் 'பல அலை', அதாவது பலம் தரும் அலை, துணியைத் துளைத்து, தோலைத் துளைத்து, நேரே தசைக்குள் போய்விடுமாம். ஜிம்முக்கு வரவே வேண்டாம். வந்தாலும் உள்ளே நிற்க இடமில்லை. அட்டை வாங்க வந்தவர்களின் வரிசை ட்ரெட்மில் வரை நீண்டிருந்தது. அந்த ட்ரெட்மில்லின் மேல், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. எடை தூக்கும் கம்பியில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

மாஸ்டர் வெறும் வாயால் சொல்லவில்லை. நிரூபித்துக் காட்டினார். ஓர் ஆளைக் கூப்பிடுவார். கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். அழுத்துவார், கை தொப்பென்று கீழே விழும். அட்டையைப் பையில் செருகுவார். மறுபடி அழுத்துவார்; கை அசையாது. கூட்டம் வாயைப் பிளக்கும். கையெழுத்தில் ஒரு சுழி கோணினால் காசோலையைத் திருப்பி அனுப்பும் வங்கி மேலாளர், ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு அட்டைகள் வாங்கினார். ஒன்று அலுவலகச் சட்டைக்கு. மற்றது தூங்கும்போது போடும் சட்டைக்கு. தூக்கத்திலும் பலம் வளர வேண்டாமா?

ஊர்க் கூத்து என்று நான் விட்டிருப்பேன். ஆனால் கூத்து எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தம்பிக்கு இரண்டு வருடமாக முழங்கால் தேய்மானம். அறுவைச் சிகிச்சைக்கென்று அண்ணனும் தம்பியுமாகச் சேர்த்த பணம் இருந்தது. அதைக் கொடுத்து, வாழ்நாள் குடும்ப அட்டை வாங்கப் போவதாக ஒரு காலையில் என் முன்னால் நின்று சொன்னான். நின்று என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். கதவைப் பிடித்துத் தொங்கினான்.

"ஆபரேஷன்னா ஒரு முட்டிக்குத்தாண்ணே. அட்டைன்னா மொத்த உடம்புக்கும். எது லாபம்னு நீங்களே சொல்லுங்க."

"நம்ம குடும்பத்துல எவனாவது நாலு பேர் பார்க்கக் கையைத் தூக்கிட்டு நின்னிருக்கானாடா?"

"உங்களுக்கு எப்பவும் மானம் போயிடும்னு கவலை. எனக்கு முட்டி போயிடும்னு கவலை."

நியாயமான பதில்தான். அதனால் நான் மருமகளைப் பார்த்தேன்.

"சின்ன மாமா, ஜிம்முக்குக் கட்டுற காசு தகுமான்னு தெரியணும்னா, அதை நாம போற நாளால வகுக்கணும்" என்றாள் அவள். "நீங்க எத்தனை நாள் போவீங்க?"

"போகவே வேணாம்! அதுதானேம்மா விசேஷம்!"

"பூஜ்யத்தால வகுக்க முடியாதே."

"பார்த்தீங்களா! கணக்குக்கே அடங்காத சக்தி!" என்று தம்பி மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மருமகள் சிரிக்கவில்லை. "சரி, வாங்கலாம். அதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட ஒரே ஒரு சோதனை வைக்கலாம். அதுல அட்டை ஜெயிச்சா நானும் ஒண்ணு வாங்கிக்கறேன்."

இப்படித்தான் நாங்கள் அந்த ஜிம் கூடத்துக்குப் போனோம்.

மருமகள் ஒரே மாதிரியான தடித்த உறைகளைக் கொண்டுவந்திருந்தாள். சிலவற்றில் மாஸ்டரின் அட்டை. மற்றவற்றில் சலவைக் கடையில் துணி விவரம் எழுதித் தரும் கெட்டி அட்டைச் சீட்டு. வக்கீல் பக்கத்து அறையில் அவற்றைப் போட்டு ஒட்டினார்.

"நல்லா கலைச்சிடுங்க சார். எதுல எது இருக்குன்னு உங்களுக்கே தெரியக் கூடாது" என்றாள் மருமகள்.

மாஸ்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தங்கச்சி, பல அலைக்குக் காகிதம் ஒரு தடையா? போன வாரம் ஒருத்தர் அட்டையை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டாரு. அங்கேர்ந்தே வேலை செஞ்சிருச்சு!"

கைதட்டல்.

"அப்படின்னா தைரியமா அழுத்துங்கண்ணே."

தம்பி கையை நீட்டினான். நான் சுவரைப் பார்த்தேன். முதல் உறையை அவன் பையில் வைத்தார்கள். மாஸ்டர் அழுத்தினார். கை விழுந்தது.

"இதுல நம்ம சரக்கு இல்ல" என்றார்.

வக்கீல் பிரித்தார். அட்டையிலிருந்து மாஸ்டரின் படமே பல்லைக் காட்டியது.

அடுத்த உறை. கை தூண் போல நின்றது. "இதோ! இது நம்மது!"

வக்கீல் பிரித்துப் படித்தார்: "வெள்ளைச் சட்டை. காலரில் கறை."

மீதி உறைகளில் சிலது பொருந்தியது, சிலது தப்பியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி பொருந்தும் அல்லவா? அந்தப் பாதிதான் பொருந்தியது.

வங்கி மேலாளர் மெல்ல எழுந்தார். "எந்தச் சலவைக் கடை?"

"எல்லாச் சீட்டுக்கும் சக்தி உண்டா, காலர்ல கறை இருந்தாத்தானா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

மாஸ்டர் ஓர் உறையை எடுத்துத் தடவிப் பார்த்தார். "காகிதம் கொஞ்சம் தடிமனா இருக்கு. அலை உள்ளயே மாட்டிக்கிச்சு."

"வீட்டுல மறந்த அட்டையோட அலை சுவரைத் தாண்டி வந்துச்சே?" என்றாள் மருமகள்.

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். மருமகள் தம்பியிடம் வந்தாள். "பையைக் காலி பண்ணிட்டுக் கையை நீட்டுங்க சின்ன மாமா." சொல்லி வாய் மூடுமுன் மணிக்கட்டில் வெடுக்கென்று அழுத்தினாள், விழுந்தது. "இப்ப இறுக்கிப் பிடிங்க." முழங்கைக்குப் பக்கமாகத் தள்ளி, நிதானமாக அழுத்தினாள், நின்றது. அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை.

"நுனியில திடீர்னு அழுத்தினா விழும். உள்ளே தள்ளி, சொல்லிட்டு அழுத்தினா நிக்கும். நின்னது உங்க கை, சின்ன மாமா. பலமும் உங்களோடது. காசு மட்டும்தான் அவருக்கு."

தம்பி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான். "ஏன் மாஸ்டர், உங்க பனியன்ல பையே இல்லையே. உங்க அட்டையை எங்க வெச்சிருக்கீங்க?"

எல்லோரும் பனியனைப் பார்த்தார்கள். இத்தனை நாள் பார்த்த பனியன்தான். பை இல்லாதது அன்றுதான் கண்ணில் பட்டது.

மாஸ்டர் ஓடினார். பழக்கம் இல்லாத ஓட்டம். தெரு முனை தாண்டுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் நடந்தே போய்ப் பிடித்தது. அட்டை வாங்கியவர்களுக்குக் காசு திரும்பி வந்தது. சேர்த்த பணத்தில் தம்பிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது தினமும் மாலையில் தெருவை அளக்கிறான். தெரு இன்னும் சந்தா கேட்கவில்லை.

ஆனால் ஊரில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சக்தி அட்டையில் இல்லையாம். என் மருமகளின் விரலில் இருக்கிறதாம். அவள் தொட்ட உறையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தோள்வலி தீருமாம். காலையில் கதவைத் திறந்தால் வங்கி மேலாளர் கையில் உறையோடு நிற்கிறார்.

அது பொய். என் மருமகளிடம் எந்தச் சக்தியும் கிடையாது. அவள் ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொருவர் தோளுக்கு மேலும் இலவசமாகவே இருக்கிறது. பலர் அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரியுங்கள். எங்கள் வாசலில் வரிசை வேண்டாம்.